ரெண்டையும் கேட்டுப் பாப்பம்

தேத்தண்ணியை ஒரு கடையில் வாங்கி, அந்தக் கிளாஸைக் கையில் பிடித்தபடியே தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய், அங்கேயும் ஒன்று வாங்கி, இரண்டு கடைக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க மாறி மாறிக் குடிக்கிற மனுசியை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். நான் கல்லடியில் கண்டிருக்கிறேன். முதற் கடைக்காரர் மானஸ்தர். "கிளாஸக் குடுத்திட்டுப் போங்க புள்ள" என்று பின்னாலேயே ஓடி வந்தார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அந்த மனுசி திரும்பியும் பார்க்கவில்லை.

"பயப்பிடாதீங்க, கொண்டு வந்து தருவன். ஒண்டத் தனியாக் குடிச்சா எல்லாத் தேத்தண்ணியும் நல்லாத்தான் இரிக்கும்."

இரண்டிலும் சீனி கூட என்று தீர்ப்பு வந்தது. அடுத்த நாளிலிருந்து இரண்டு கடைக்காரரும் அவர் தலையைக் கண்டால் பழைய சாயத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். அவரோடு போனதால் எனக்கும் நல்ல தேத்தண்ணி கிடைத்தது.

அக்காவுக்கு எதையும் தனியாக வைத்து நல்லது, கூடாது என்று சொல்ல வராது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். மீன்காரர் ஒரு மணலை மீனைத் தூக்கிக் காட்டினால், "மற்றதையும் தூக்குங்க" என்பார். செருப்புக் கடையில் இடது காலுக்கு ஒரு சோடியிலும் வலது காலுக்கு வேறு சோடியிலும் போட்டு நடந்து பார்ப்பார். ஒருநாள் அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார், கடைக்காரர் சைக்கிளில் துரத்தி வந்தார்.

கலியாணப் பேச்சிலும் இதே கூத்துத்தான். இரண்டு இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள். தனித்தனி நாளில் வந்தால் தனக்கு விளங்காது என்று சொல்லி, இரண்டு மாப்பிள்ளைமாரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரச் சொன்னார். வீட்டுப் பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். வந்த இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து ஒரே தட்டில் கேக் சாப்பிட்டு, கதைத்துப் பழகி, அந்த வருசமே கூட்டாக ஐஸ் வியாபாரம் தொடங்கிவிட்டார்கள்.

"ரெண்டு பேரும் நல்ல ஆக்கள் மனெ" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். "என்ன செய்யிற, ஒராளுக்கு மற்றாளத்தான் பிடிச்சுப் போச்சு."

அவர் எங்கள் இசைக்குழுவின் கிற்றார்காரி. நான் அதே குழுவில் கீபோர்ட் வாசித்தவன். கலியாண வீடு, கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள் எதுவானாலும் போவோம். அக்காவின் குடும்பம் கடலோரத்து டச்பாரில் இருந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பம். ஆண்களுக்குத் தச்சு வேலை, வீடு முழுக்க வாத்தியம். அவருடைய தம்பி பகலில் கதவு நிலை செய்வான். மேடையில் எங்களுக்கு ட்ரம் அடிப்பான். மின்கிற்றார் தானாகச் சத்தம் போடாது. சத்தத்தைப் பெருக்க ஓர் அம்ப் வேண்டும், அதை வெளியே விட ஸ்பீக்கர் வைத்த பெட்டி வேண்டும். அம்ப் குழுவினுடையது. பெட்டி அக்காவினுடையது. தம்பி பலாப்பலகையில் செய்து கொடுத்த சின்னப் பெட்டி அது, உள்ளே ஒரேயொரு பத்து அங்குல ஸ்பீக்கர். மேடையில் இடம் போதாவிட்டால் அக்கா அதன் மேலேயே உட்கார்ந்து வாசிப்பார்.

பிறகு கடல் வந்தது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அடுத்த நாள் காலை. முதல் நாள் அவர்கள் வீட்டு முற்றத்தில் வாசித்து, பாடி, ஆடி ஓய்ந்திருந்தோம். அக்கா அம்பைத் திருப்பித் தருவதற்காகக் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் டவுனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பெட்டியைத் தம்பி பின்னேரம் கொண்டு வருவான் என்றார். வீடு போயிற்று, பெட்டி போயிற்று, நித்திரையில் இருந்த தம்பியும் போய்விட்டான். "தம்பியக் கடல் கொண்டு போயிற்று" என்று அக்கா ஒரே வசனத்தில் சொல்லுவார். அதற்கு மேல் யாராவது கேட்டால் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார். அவனும் நானும் ஒரே வகுப்பு. எனக்கும் அதற்கு மேல் எழுத வராது.

பெட்டி மட்டும் திரும்பி வந்தது. கடலோடு சேருகிற எங்கள் வாவியின் மேற்குப் பக்கம், நாங்கள் படுவான்கரை என்று சொல்லுகிற கரையில், சேற்றில் வளருகிற கண்ணா மரங்களுக்குள் சிக்கிக் கிடந்ததை ஒரு மீன்பிடிகாரர் எடுத்துப்போயிருந்தார். தேடிக்கொண்டு போனபோது அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பின்பலகையைக் காணோம். ஸ்பீக்கரின் கடதாசிக் கோன் ஊறிக் கிழிந்து, காந்தம் துருவேறிப் போயிருந்தது. அக்கா கோழியைக் கலைக்க விடவில்லை. குஞ்சு பொரிக்கும்வரை பொறுத்துப் பிறகு போய் எடுத்தோம். மீன்பிடிகாரர் நல்ல மனுசன். "ஒரு குஞ்சும் கொண்டு போங்க புள்ள" என்றார். "ரெண்டாத் தாங்களன்" என்றார் அக்கா. கடலுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து தொடங்கியது ஸ்பீக்கர் வேட்டை. அக்கா மேடை ஏறுவதை விட்டுவிட்டார். எந்தக் கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும், "ஸ்பீக்கர் சரி வரட்டும் மனெ" என்பார். வேறு பெட்டி இரவல் வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்கமாட்டார். இந்தப் பெட்டிக்குள் பழையது மாதிரியே பாடுகிற ஸ்பீக்கர் வேண்டும். நாங்கள் வேறு ட்ரம்காரரைத் தேடிப் பிடித்தோம். கிற்றாருக்கு மட்டும் ஆள் தேட எங்களுக்கு மனம் வரவில்லை. நான் கீபோர்டில் கிற்றார்ச் சத்தத்தை வைத்துச் சமாளித்தேன். அது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

அந்த நாட்களில் எங்கள் பக்கம் உதவி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. இழந்த தொழிலுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பிள்ளை வந்து விசாரித்தது. அக்கா, "பத்து அங்குல ஸ்பீக்கர்" என்றார். அந்தப் பிள்ளை யோசித்துப் பார்த்து, கோழி, சைக்கிள், தையல் மெசின் மூன்றில் ஒன்றைத்தான் தரலாம் என்றது. கோழி தன்னிடம் இருக்கிறது என்று அக்கா தையல் மெசினை வாங்கினார். ஊசியில் நூல் கோக்கவும் அவருக்குப் பொறுமை கிடையாது. அடுத்த கிழமையே மெசின் காத்தான்குடிக்குப் போனது. அங்கே ரேடியோ, டிவி விற்கிற நானா ஒருவரின் கடை இருந்தது. எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். மெசினுக்கு மாற்றாக ஒரு ஸ்பீக்கர் என்று பேச்சு முடிந்தது. எந்த ஸ்பீக்கர் என்பதுதான் முடியவில்லை. நானாவின் மனைவி அந்த மெசினில் இரண்டு பெருநாளுக்கு உடுப்புத் தைத்து முடித்த பிறகும் முடியவில்லை.

கடைசிவரை நின்று பிடித்தவை இரண்டு. ஒன்று, நானாவின் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அதற்குத் துபாய்க்காரன் என்று பெயர். மற்றது, திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் கிடைத்தது. அது கோயில்காரன். துபாய்க்காரன் மெல்லிய கம்பிகளில் இனிமையாகப் பாடுவான், தடித்த கம்பிக்கு வந்தால் சோம்பல்படுவான். கோயில்காரனுக்குத் தொண்டை பெரிது.

"இதில நான் என்னத்த வாசிச்சாலும் ‘பக்த அடியார்களே’ எண்டு கேக்குது மனெ" என்பார் அக்கா.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நானா ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டுவார். அக்கா பெட்டிக்கு முன்னால் சப்பணம் கட்டி இருப்பார். வாசிப்பது எப்போதும் ஒரே பைலா ஆட்டப்பாட்டின் தொடக்கம்தான். கிற்றார் மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டு வரும். ட்ரம் உள்ளே வரவேண்டிய இடம் வந்ததும் அவர் கை நின்றுவிடும். "சரி, மற்றதப் போடுங்க" என்பார். அவ்வளவு காலத்தில் ஒரு தடவையாவது அந்த இடத்தைத் தாண்டி அவர் வாசித்ததை நான் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்க அவ்வளவு போதும்தானே என்று நானும் நினைத்துக்கொண்டேன். நினைத்ததை நான் முழுதாக நம்பவில்லை.

"பழசு எப்பிடி இரிந்திச்சு எண்டாவது சொல்லுங்களன் புள்ள" என்று நானா கேட்பார்.

"பழசா? அது கரகரக்காது, இரையாது. மாதா கோயில் மணி மாதிரி ஒரே சுத்தமான சத்தம்."

நானா என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. துபாய்க்காரனைப் பூட்டிக் கேட்கக் கொடுத்தார். பிறகு பெட்டியின் பின்னால் போய், ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக் கொட்டிச் சத்தம் போட்டு, ஒன்றையும் மாற்றாமல் வெளியே வந்தார். அக்கா வாசித்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

"இதில அடித்தொண்டை நல்லா இரிக்கு. முந்தினதில இப்பிடி ஒரு தெளிவு இல்ல. ஆனா முந்தினதில ஒரு குளிர்ச்சி இரிந்திச்சு" என்று விளக்கமாகத் தீர்ப்புச் சொன்னார்.

"அல்லாவே! நான் ஒண்டையும் மாத்தல்ல புள்ள. அதே ஸ்பீக்கர்தான்!"

வேறு ஆளென்றால் வெட்கப்பட்டிருப்பார். அக்கா கிற்றாரைத் தட்டிக் கொடுத்தார்.

"அப்ப ரெண்டாந்தரம் நான் நல்லா வாசிச்சிரிக்கன்."

கடைக்குள் வைத்துக் கேட்பதுதான் பிழை என்று அடுத்ததாகக் கண்டுபிடித்தார். சுவரும் சேர்ந்து பாடுகிறதாம். வெளியே, வயல் நடுவில் வைத்துக் கேட்க வேண்டுமாம். அப்போது எனக்கு வவுணதீவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனான மாமாவுக்கு அங்கே பெரிய வட்டை, அதாவது வயல்வெளி, ஒன்று இருந்தது. கோயில் ஜெனரேட்டரையும் எடுக்கலாம். எனவே பெட்டியையும் அம்பையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, அக்காவை மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அவர் மடியில் ஓர் உரப்பை. அதற்குள் துபாய்க்காரனும் கோயில்காரனும்.

வவுணதீவுச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் உரப்பையை அவிழ்த்தான். உள்ளே பாரமான வட்டச் சாமான் இரண்டு, ஒவ்வொன்றிலும் வயர். அந்த நாளில் அந்த இடத்தில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. துவக்கு நிமிர்ந்தது. பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்ற சனம் சத்தமில்லாமல் இரண்டு அடி பின்னுக்குப் போனது.

அக்காதான் பேசினார். "ஸ்பீக்கர் ஐயா. பாட்டுக் கேக்கிற." அவன் நம்பவில்லை. அக்கா மணல் மூட்டையின் மேலிருந்த அவனுடைய சின்ன ரேடியோவைக் காட்டி, "அதத் தாங்க" என்றார். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற வயரை எடுத்து, ரேடியோவில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையைத் துபாய்க்காரனில் முறுக்கினார். நல்ல காலம், பைலா ஒன்று போய்க்கொண்டிருந்தது. உரப்பையின் மேல் வைத்த ஸ்பீக்கர் பாடியது. ஆமிக்காரனின் முகம் இளகியது. அதோடு விட்டிருந்தால் நாங்கள் போயிருக்கலாம்.

"இருங்க, மற்றதையும் கேட்டுப் பாப்பம்" என்றார் அக்கா.

கோயில்காரனில் வயரை முறுக்கினார். ஆமிக்காரன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து கேட்டான். சாவடிக்குள்ளிருந்து இன்னொருவனும் வந்து குனிந்தான். இருவரும் கோயில்காரனைத் தொட்டு, "மேக்க ஹொந்தாய்" என்றார்கள், இதுதான் நல்லது என்று.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது நல்லமில்ல ஐயா, அதில சத்தம் கூட, அவ்வளவுதான்! எவன் கூடக் கத்துறானோ அவனத்தான் எல்லாரும் நல்லவன் எண்டுறது. சத்தத்தச் சமனாக்கிப் போட்டெல்லா கேக்கணும்!" ஆமிக்காரனுக்குத் தமிழ் பாதிதான் விளங்கியது. ஆனால் அவர் ரேடியோவின் குமிழைக் குறைத்தும் கூட்டியும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியபோது, அவன் யோசித்து, தலையைச் சொறிந்து, துபாய்க்காரனின் பக்கம் விரலை மாற்றினான். அதற்குள் வரிசைச் சனம் முன்னுக்கு வந்து இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. மீன் கூடை வைத்திருந்த ஒரு மனுசி கோயில்காரனுக்காக உரத்து வாதாடினார். அந்தச் சாவடியில் சனமும் ஆமிக்காரரும் ஒரே விசயத்தைப் பற்றிச் சத்தம்போட்டுச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

வயலில் மாமா காத்திருந்தார். என் மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சேட்டுப் பொக்கற்றில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவர். தளர்ந்த எதையும் கண்டால் கை சும்மா இராது. அடுத்த வீட்டுக் கதவுக் கொளுக்கியையும் கேட்காமல் இறுக்கிவிட்டு வருவார். பெட்டிக்குப் பின்பலகை இல்லாததைக் கண்டு, அன்றே அளந்து, அறுத்து, மூலைக்கு ஒரு ஸ்க்ரூ ஆணி போட்டு முறுக்கிக் கொடுத்தார். "இனி இடி விழுந்தாலும் அசையாது" என்று பலகையைத் தட்டிக் காட்டினார். ஜெனரேட்டர் இரைய, அக்கா வரம்பில் இருந்து தன் பைலாத் தொடக்கத்தை வாசித்தார். கொக்குகள் எழும்பிப் பறந்தன. எருமை ஒன்று வந்து கிட்ட நின்றது. ட்ரம் வரவேண்டிய இடத்தில் கை நின்றது.

"ரெண்டும் பழசு மாதிரி இல்ல" என்றார் அக்கா.

போகும்போது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மருமகன், இந்தப் புள்ளைக்கு என்னதான் வேணுமாம்?" என்று கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது.

என் கலியாணத்தில் அக்கா வாசிக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அக்கா கிற்றாரோடு மேடையில் இருந்தால் தம்பியில் கொஞ்சமாவது அங்கே இருக்கும் என்று எனக்கொரு எண்ணம். வாயால் சொல்லவில்லை. "அக்கா, நீங்க வாசிக்காட்டிக் கலியாணம் இல்ல" என்று பகிடியாகத்தான் சொன்னேன். "ஸ்பீக்கர் சரி வரட்டும் மனெ" என்றார். நான் சொன்னது போலவே கலியாணமும் தள்ளிப்போனது, அவரால் அல்ல. படுவான்கரையில் சண்டை மூண்டது. மாமா குடும்பம் சட்டி பானையை விட்டுவிட்டு வாவியைக் கடந்து ஓடிவந்து, முகாமில் இருந்து, பிறகு திரும்பிப் போய், வீட்டைத் திருத்தி, வயலைத் திருத்தி, எல்லாம் ஓய நாட்டில் சண்டையும் முடிந்துவிட்டது. அவ்வளவு காலமும் துபாய்க்காரனும் கோயில்காரனும் நானாவின் கடை றாக்கையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

கலியாணத்துக்கு நாள் வைக்கப் போனபோது மாமியிடம் என் குறையைச் சொன்னேன். அக்கா பழைய ஸ்பீக்கரின் சத்தத்தைத் தேடுகிறார், அந்தச் சத்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று புலம்பினேன். மாமி எழும்பிப் போய் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். சண்டையில் ஓடும்போது தாலிக்கொடியோடும் காணி உறுதியோடும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடிய பை அது. அதற்குள் ஒரு வீடியோ கசற். கடலுக்கு முந்திய வருசம் மூத்த மகளின் கலியாணத்தில் எடுத்தது.

"உங்கட குழுதானே மருமகன் அண்டைக்கு வாசிச்சது? அந்தப் புள்ளட கிற்றாரும் இதில கேக்கும்."

எனக்குச் சந்தோசமும் வந்தது, பயமும் வந்தது. இனிப் பழசையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்கத் தொடங்கினால் என் பிள்ளையின் கலியாணத்துக்குத்தான் அக்கா வாசிப்பார்.

கசற் போடுகிற மெசின் நானாவிடம்தான் இருந்தது. சனிக்கிழமை மூவரும் டிவிக்கு முன்னால் இருந்தோம். அக்கா மடியில் கிற்றார். படம் மழை பெய்வது போல் ஓடியது. படம் பிடித்தவர் பந்தியில் சாப்பிடுகிறவர்களின் வாயை ஒவ்வொன்றாகப் பிடித்திருந்தார். பிறகு மேடை வந்தது. மெலிந்த நான், கீபோர்டோடு. பெட்டியின் மேல் அக்கா. பின்னால் தம்பி.

கிற்றார் தொடங்கியது. அதே பைலா. கூடவே ஒரு சத்தம், கிர்ர்ர்ர் என்று, தகர மூடிக்குள் வண்டு பிடித்து அடைத்தது மாதிரி.

"டிவி பழுதுபோல" என்று நானா எழும்பி டிவியின் மண்டையில் ஓர் அடி போட்டார். கிர்ர்ர்ர். பின்னால் போய் வயரை ஆட்டினார். கிர்ர்ர்ர். டிவியில் அக்கா வாசிப்பை நிறுத்தினார். அதுவும் நின்றது. அவர் பெட்டியிலிருந்து திரும்பிப் பின்னால் பார்த்துக் கத்துவது தெளிவாகக் கேட்டது.

"டேய், அந்தப் பின்பலகை ஆணிய இறுக்கித் தா எண்டு எத்தின தரமடா சொல்லுற! பார், கிர்ரெண்டு மானத்த வாங்குது!"

தம்பி ட்ரம் குச்சி இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

"நாளைக்கு அக்கா, நாளைக்கு."

சொல்லிக்கொண்டே குச்சியால் குச்சியைத் தட்டினான். கிற்றார் மறுபடி தொடங்கியது, வண்டும் தொடங்கியது, அந்த இடம் வந்ததும் ட்ரம் உள்ளே விழுந்தது. சனம் எழும்பி ஆடியது.

நாங்கள் இருவரும் அக்காவைப் பார்க்கப் பயந்தோம். அவர்தான் முதலில் சிரித்தார். மெதுவாகத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாதா கோயில் மணி!" என்றார் நானா. "சுத்தமான சத்தம்!"

"நாசமாப் போவான், ஊர்க் கதவெல்லாம் இறுக்கிக் குடுத்தான், என்ர பெட்டிக்கு ஒரு ஆணி இறுக்கல்ல" என்று சொல்லிச் சிரித்தவர், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினார். கடல் வந்த பிறகு அவர் அழுது நான் கண்டதில்லை. நானா எழும்பிக் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"திருப்பிப் போடுங்க நானா" என்றார் அக்கா. கிற்றார் வருகிற இடத்தை அல்ல. ‘நாளைக்கு அக்கா’ என்கிற இடத்தைத்தான் மறுபடியும் மறுபடியும் போடச் சொன்னார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"நானா, ஒரு ஸ்பீக்கரத் தாங்க."

"எதப் புள்ள?"

"நீங்க எதத் தந்தாலும் சரி."

நானா பயந்துபோனார். "உடம்புக்கு என்னமும் செய்யுதா புள்ள? ரெண்டையும் ஒருக்காக் கேட்டுப் பாக்கல்லயா?"

"தேவையில்ல."

நானா றாக்கைக்குப் போய் ஒன்றை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிக்குள் பூட்டி, மூடிக் கொடுத்தார். அது துபாய்க்காரனா, கோயில்காரனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா கேட்கவேயில்லை. நானாவிடம் நான் பலமுறை கேட்டுப் பார்த்தேன். சிரிக்கிறார், சொல்லமாட்டேன் என்கிறார்.

கலியாணத்தன்று காலை பெட்டியை ஆட்டோவில் ஏற்ற அக்கா வீட்டுக்குப் போனபோது, அவர் அதன் பின்னால் குந்தியிருந்து ஸ்க்ரூ டிரைவரால் ஏதோ செய்துகொண்டிருந்தார். மாமா போட்ட ஆணிகளை இன்னும் இறுக்குகிறாராக்கும் என்று நினைத்தேன். வவுணதீவுச் சாவடியில் புதிதாக ஒரு சின்ன ஆமிக்காரன் நின்றான். பெட்டியைப் பார்த்தான், போகச் சொல்லிக் கையைக் காட்டினான். "கேட்டுப் பாக்கமாட்டியா?" என்று அக்கா ஏமாற்றத்தோடு கேட்டார்.

தாலி கட்டி, பந்தி தொடங்கி, பந்தலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது அக்கா மேடையேறினார். மாலையும் கழுத்துமாக இருந்த எனக்கு எழும்பிக் கீபோர்டுக்குப் போக முடியவில்லை. கிற்றார் தனியாகத் துள்ளிக்கொண்டு வந்தது. அந்த இடம் கிட்டக் கிட்ட நான் மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். புது ட்ரம்காரர் குச்சியைத் தூக்கினார். ட்ரம் விழுந்தது. அக்காவின் கை நிற்கவில்லை. அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தார். என் பக்கத்தில் இருந்தவள், தாலி கட்டி ஒரு மணித்தியாலம்கூட ஆகாதவள், "ஏன் அழுறீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் காதில் விழுந்தது. கிர்ர்ர்ர்.

பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த மாமாவுக்கும் விழுந்துவிட்டது. வாளியை அப்படியே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையின் பின்பக்கத்துக்கு ஓடினார். தான் போட்ட பலகை, தான் முறுக்கிய ஆணி, மகளின் கலியாணத்தில் சனத்துக்கு முன்னால் தளர்ந்து கிடக்கிறது. குனிந்து தடவிப் பார்த்தார். பொக்கற்றிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது.

"புள்ள, பின்னுக்கு ஒரு ஆணி தளந்து கிடக்கு. கிர்ரெண்டு கேக்குது. ஒரு நிமிசம் பொறுங்க, இறுக்கித் தாறன்."

அக்கா திரும்பி அவரைப் பார்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். கை கம்பியை விடவில்லை.

"நாளைக்கு மாமா, நாளைக்கு."